மிஞ்சிய ஒரு நாள்

திருத்தலப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். புறப்படும் நேரம், வாகன வாடகை, தங்கும் அறை, திருப்பலிக் கருத்து, முடி காணிக்கை, மெழுகுதிரி, ஊருக்கு வாங்கிச் செல்ல வேண்டிய எண்ணெய் என்று ஒன்றும் விட்டுப்போகாது. ஆனால் எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் கையில் மிஞ்சினால் அதை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் இடம் இருப்பதில்லை. மிஞ்சிய சோற்றை என்ன செய்வதென்று வீட்டுத் தாய்க்குத் தெரியும். மிஞ்சிய நாளை என்ன செய்வதென்று நமக்குத் தெரிவதில்லை. அது கடைத்தெருவில் கரைந்துபோகிறது. அல்லது அறையில் உறங்கியே கழிந்துவிடுகிறது.

சென்ற தை மாதத்தில், செட்டியார்பட்டிப் பக்கத்திலிருந்து இறைமக்கள் சிலரோடு வேளாங்கண்ணிக்குச் சென்றிருந்தோம். எங்கள் பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: இராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி அமைந்த ஊர் இது. வானம் பார்த்த கண்மாய்களும், தறியும், தையல் எந்திரமும் தான் இங்கே வாழ்க்கை. செட்டியார்பட்டியிலும் தளவாய்புரத்திலும் பெண்கள் காலை முதல் இரவு வரை குனிந்து தைக்கிற ஆடைகளை, பெயர் தெரியாத ஊர்களில் யாரோ உடுத்துகிறார்கள். பொங்கல் முடிந்து வேலை சற்றுத் தொய்வடைந்த நாள்களில், வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஏற்பாடு செய்த பயணம் அது. மலையை நாள்தோறும் பார்த்தும், கடலைப் பார்த்தறியாத முகங்கள் அந்த வாகனத்தில் பல இருந்தன.

நான்கு நாள்களுக்கு வாகனம் பேசியிருந்தோம். நேர்ச்சைகளும் வழிபாடுகளும் இரண்டாம் நாள் மாலையே நிறைவெய்தின. நான்காம் நாள் காலையில் புறப்பட்டால் போதும். இடையில் ஒரு முழு நாள் மிஞ்சியது. அன்று இரவு உணவுக்குப்பின், தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில் எல்லாரும் கூடி அமர்ந்தோம். நாளைய பொழுதை எப்படிக் கழிப்பது என்பதே பேச்சு.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. நாகூர் தர்கா, காரைக்கால், தரங்கம்பாடிக் கோட்டை, பூம்புகார் என்று வடக்கே ஒரு சுற்று சுற்றி வரலாம் என்றனர் சிலர். ஊருக்கே திரும்பிவிடலாம், ஒரு நாள் கூலியாவது மிஞ்சும் என்றனர் வேறு சிலர். விடுதியில் பணிபுரிந்த அருட்சகோதரி ஒருவர், தெற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோடியக்கரையைப் பற்றிச் சொன்னார். அது பறவைகள் வந்து கூடும் காலம்; வனத்துறையின் அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வந்து காட்டையும் சதுப்பு நிலத்தையும் கடற்கரையையும் காட்டுவார்; காலையில் சென்றால் மாலைக்குள் திரும்பிவிடலாம் என்றார். இன்னும் சற்று அப்பால், முத்துப்பேட்டையில் படகேறி அலையாத்திக் காட்டுக்குள் சென்று வரலாம் என்றும் சொன்னார். இளைஞர்களுக்குப் படகின் பெயரைக் கேட்டதும் கண்கள் விரிந்தன. ஆனால் படகுப் பயணத்துக்கு முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். ஏறி இறங்கும் வலிமையும் வேண்டும். முழங்கால் வலியோடு ஐந்தாறு பேர் எங்களோடு இருந்தனர். எனவே முத்துப்பேட்டை கைவிடப்பட்டது. கோடியக்கரையா, வேறு எதுவுமா என்பதே எஞ்சியது.

முதல் மறுப்பு எங்கள் வேதியரிடமிருந்து வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செபமாலை சொல்லிக் கொடுத்துத் தழும்பேறிய குரல் அவருடையது. "சாமி, மாதாவைப் பார்க்க வந்தோம், பார்த்தாச்சு. கொக்கு பார்க்க நம்ம ஊர்க் கண்மாய் போதாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் தான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. நேர்ச்சைக்காகச் சேர்த்த பணத்தை வேடிக்கை பார்ப்பதற்குச் செலவிடலாமா? வாகனத்தின் எரிபொருளும், நுழைவுச் சீட்டும், வழிகாட்டியின் கூலியும் யார் வீட்டுப் பணம்? தையல் கூலியில் மிச்சம் பிடித்த பணமல்லவா?

இரண்டாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முற்றத்தின் ஓரத்தில், தூணில் சாய்ந்து அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் மெல்ல எழுந்து, "நான் வரல சாமி. என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க. பிள்ளைங்க சந்தோசமாப் பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் சென்றுவிட்டார்.

அவர் ஏன் வரவில்லை என்பது எங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வேளாங்கண்ணியில் திரண்டிருந்த மக்களில் பலர் அன்று காலை கடற்கரையில் இருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுசென்ற நாள் அது. அந்தக் கரையில் நின்றவர்களில் இம்மூதாட்டியின் தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். திரும்பவில்லை. அதற்குப் பிறகும் அவர் ஆரோக்கிய அன்னையைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆலயத்துக்கு வருவார், செபிப்பார், கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டியபடியே திரும்பிவிடுவார்.

இப்படியொரு நிலையில் ஒரு குழு எப்படி முடிவெடுப்பது? கையை உயர்த்தச் சொல்லி எண்ணியிருந்தால் கோடியக்கரை எளிதாக வென்றிருக்கும். கூடச் செல்ல விரும்பாதவர்களை விடுதியில் விட்டுச் செல்வதும் வழக்கத்துக்கு மாறானதன்று. ஆனால் கூடிப் பயணம் செய்பவர்கள், கூடியிருப்பதாலேயே ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள். பெரும்பான்மை எதை விரும்புகிறது என்பது முதல் கேள்வியாக இருந்தால், அஞ்சுகிற ஒருவரும் பணமில்லாத ஒருவரும் எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே அன்றிரவு எங்களுக்குள் கேள்வியின் வரிசையை மாற்றிக்கொண்டோம். வலுவில்லாதவருக்கு எது இயலாது என்பதை முதலில் கேட்பது. பிறகு மற்றவர்களின் விருப்பத்தைக் கேட்பது.

அதற்குமுன் வேதியரின் கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. திருத்தலப் பயணத்தில் பறவை பார்ப்பது பொருந்துமா? விவிலியத்தைப் புரட்டினால் விடை தேடித் தவிக்க வேண்டியதில்லை. எருசலேமை நோக்கி நடந்த பயணிகளின் உள்ளத்தைப் பாடும் எண்பத்து நான்காம் திருப்பாடலில், ஆண்டவரின் பீடங்களுக்கு அருகே கூடு கட்டிய சிட்டுக்குருவியும் தைலான் குருவியும் இருக்கின்றன. பயணி கோவிலுக்கு வந்தபோது குருவியையும் பார்த்தான். பார்த்ததோடு நில்லாமல் அதைக் கண்டு ஏங்கவும் செய்தான். நாரைக்கும் புறாவுக்கும் தத்தம் காலம் தெரிந்திருக்கிறது, மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று எரேமியா வருந்துகிறார். வானத்துப் பறவைகளை உற்று நோக்குமாறு ஆண்டவர் மலைமீது சொன்னபோது, கேட்டவர்கள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்திருப்பார்கள் அல்லவா? அதை ஓர் உவமையாக மட்டுமே எடுத்துக்கொண்டு, பறவையைப் பார்க்காமலே நாம் பல ஆண்டுகளாக மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கிறோம்.

வழிகாட்டி எதற்கு, நாமே போய்ப் பார்த்தால் ஆகாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். திருத்தூதர் பணிகள் நூலில் எத்தியோப்பிய அமைச்சர் ஒருவர் வருகிறார். அவரும் எருசலேமுக்குத் திருப்பயணம் வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்தான். தேரில் அமர்ந்து இறைவாக்கினர் நூலை வாசித்தார், பொருள் விளங்கவில்லை. பிலிப்பு கேட்டபோது, வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் எப்படிப் புரிந்துகொள்வது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரிடம் நூல் இருந்தது, கண் இருந்தது, ஆர்வமும் இருந்தது. இல்லாதது அறிந்தவர் ஒருவரின் துணை. நான்காம் நூற்றாண்டில் மேலைக் கோடியிலிருந்து புனித நாடுகளுக்குப் பயணம் செய்த எகேரியா என்னும் பெண்மணி தம் குறிப்புகளில், போகுமிடமெல்லாம் அங்கே வாழ்ந்த துறவியரை உடன் அழைத்துக்கொண்டு, இது என்ன, அது எங்கே என்று கேட்டுக் கேட்டே நடந்திருக்கிறார். சீனாய் மலையுச்சியில் அத்துறவியர் கை நீட்டிக் காட்டியபோதுதான், கீழே விரிந்த நிலமும் கடலும் அவருக்குப் பெயருள்ளவையாக மாறின. வேடிக்கை பார்ப்பவனுக்கு வழிகாட்டி தேவையில்லை; கற்க வருபவனுக்குத் தேவை.

பணத்தைப் பற்றிய தீர்வு எளிமையாக அமைந்தது. மூடிய தகரப்பெட்டி ஒன்றில் சிறு துளை இட்டுச் சுற்றி அனுப்பினோம். இயன்றவர் இயன்றதைப் போட்டார்கள்; இயலாதவர் வெறுங்கையை உள்ளே நீட்டுவதுபோல் நீட்டினார்கள். யார் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்த்தபோது செலவுக்குப் போதுமானது இருந்தது. அப்பம் பகிர்ந்தளித்த பின் மிஞ்சிய துண்டுகளை வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். மிஞ்சிய நாளையும் அப்படிச் சேர்த்துப் பார்க்கலாமே என்று சொன்னபோது, வேதியர் முதல் ஆளாகத் தலையசைத்தார்.

மூதாட்டியின் அறைக்குச் சென்று, வருகிறீர்களா என்று கேட்கவில்லை. "உங்களால் எது முடியாது, அம்மா?" என்று மட்டும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அலைச் சத்தம் கேக்குற இடத்துல இறங்க மாட்டேன், சாமி" என்றார். அருட்சகோதரியின் உதவியோடு வழிகாட்டியைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னோம். அவர் சற்றும் வியப்படையவில்லை. சதுப்பு நிலம் கரையிலிருந்து விலகி இருக்கிறது, அங்கே அலை ஓசை கேட்காது, முதலில் அங்கே போவோம், கடைசியில் விரும்புகிறவர்கள் மட்டும் கடற்கரைக்கு வரட்டும், வாகனம் தொலைவிலேயே நிற்கட்டும் என்றார். இடத்தை அறிந்தவர் மட்டுமல்ல, வருகிறவர்களையும் அறிய விரும்புகிறவரே நல்ல வழிகாட்டி என்பது அப்போது விளங்கியது. மூதாட்டியும் வந்தார்.

விடியற்காலைத் திருப்பலிக்குப் பின் புறப்பட்டோம். கோடியக்கரையில் உணவுக்கு வசதி குறைவு என்று சொல்லியிருந்ததால், சோறும் குடிநீரும் கையோடு எடுத்துக்கொண்டோம். வேதாரண்யத்தைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் உப்பளங்கள் விரிந்தன. தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் பகுதி இது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடக்கத் தொடங்கிய தொண்டர்கள், ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது இந்த மண்ணில்தான். அகத்தியம்பள்ளியில் அதன் நினைவுத் தூண் நிற்கிறது. சுதந்திரத்தின் உப்பை அள்ளிய நிலத்தில், இன்றும் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்துவிட வேண்டுமென்று வெறுங்காலோடு உழைக்கும் ஆண்களையும் பெண்களையும் கண்டோம். எங்கள் பெண்கள் அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். உழைப்பவரின் வலி உழைப்பவருக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

கோடியக்கரை, வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கி வரும் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்களுக்கு அது பூங்குழலியின் ஊர். அங்கிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டி வேதாரண்யம் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. 1967-இல் இங்கே வனவிலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் 38,500 எக்டேர் பரப்பு சேர்க்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டு வருகிறார்கள். அந்தப் பணியில் பீகாரைச் சேர்ந்த, பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டவர்களின் கைத்திறனும் பயன்பட்டது என்று வழிகாட்டி சொன்னபோது மனம் நெகிழ்ந்தது. கொல்லப் பழகிய கைகள் காயமின்றிப் பிடித்து விடுவிக்கப் பழகிக்கொண்டன.

வழிகாட்டி இருபது வயது கடந்த இளைஞர். பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். காட்டின் விளிம்பில் முதலில் எங்களை நிறுத்தி, பேச்சைக் குறைக்கவும், கைப்பேசி ஒலியை அடக்கவும், ஒரு காகிதத்தைக்கூடக் கீழே போடாதிருக்கவும் கேட்டுக்கொண்டார். அங்கே நிற்பவை ஆண்டு முழுதும் பசுமை மாறாத வறண்ட நிலக் காட்டு மரங்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் இந்தக் கரையைத் தாக்கிய கஜா புயலில் அவற்றில் எண்ணற்றவை சாய்ந்தன. மான்களும் பறவைகளும் மடிந்தன. வீழ்ந்த அடிமரங்களுக்குப் பக்கத்தில் புதிய தளிர்கள் எழுந்திருப்பதையும் அவர் காட்டினார். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு வெளிமான் ஒன்று நின்றது. எப்போதோ மனிதர் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

பிறகு சதுப்பு நிலம் வந்தது. முதல் பார்வையில் அங்கே ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறச் சேறு, தட்டையான நீர், தொலைவில் வெண்மையாக ஒரு கோடு. அவ்வளவுதானா என்று சிறுவன் ஒருவன் கேட்டான். வழிகாட்டி தம் தொலைநோக்கியை அவன் கண்ணில் வைத்து, அந்த வெண்கோட்டின்மேல் திருப்பினார். சிறுவன் வாய் பிளந்தான். அந்தக் கோடு முழுவதும் பூநாரைகள்! நூற்றுக்கணக்கில் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக நுழைத்து, சேற்றை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்டன. அவற்றின் இறகில் உள்ள இளஞ்சிவப்பு நிறமும் உண்ணும் உணவிலிருந்தே வருகிறது என்றார் அவர். வெறுஞ்சேறு என்று நாங்கள் நினைத்தது, உண்மையில் பரிமாறப்பட்ட பந்தி.

அருகே, சேற்றில் ஓடியோடிக் குத்திக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பறவைகளைக் காட்டினார். கொசு உள்ளான் என்று பெயர். இருபது முப்பது கிராம் எடைதான் இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர் காலத்தைக் கழிக்க இவ்வளவு தொலைவு வருகின்றன. பறவைகளின் பயண ஆற்றலைப் பற்றிப் பேசும்போது 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதுகில் கருவி பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கன் என்னும் பறவை ஒன்று, அலாஸ்காவில் புறப்பட்டு 11 நாள்களில் 13,560 கிலோமீட்டர் இடையில் எங்கும் இறங்காமல் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவை அடைந்தது. அது பிறந்து சில மாதங்களே ஆன இளம் பறவை. இதைக் கேட்ட எங்கள் வேதியர், "இதுங்கதான் சாமி உண்மையான திருப்பயணி" என்றார். முந்திய இரவு கண்மாய்க் கொக்கைப் பற்றிக் கேட்டவர் அவரேதான்.

மூதாட்டி வாகனத்திலேயே இருந்தார். சற்று நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "தம்பி, இது எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். "அந்தப் பறவைக்கு முழங்கால் அளவுதான் பாட்டி" என்றார் வழிகாட்டி. அவர் இறங்கினார். சேலை நுனியைப் பற்றியபடி நீரின் விளிம்பு வரை நடந்து வந்து நின்றார். வெகுநேரம் அந்தப் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்களை அல்ல, அந்த இளைஞரைப் பார்த்து, "அலை வந்த அன்னிக்கு நீ எங்க இருந்த?" என்று கேட்டார். "நான் கைக்குழந்தை, பாட்டி. எங்கம்மா என்னைத் தூக்கிட்டு ஓடினாங்களாம். எங்க பெரியப்பா வரல" என்றார் அவர். மூதாட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வேறொன்றும் பேசவில்லை. அங்கே ஆறுதல் மொழி எதையும் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

நண்பகலுக்குப் பின், விரும்பியவர்கள் கடற்கரைக்குச் சென்றார்கள். ஐப்பசி முதல் பங்குனி வரையிலான மீன்பிடிக் காலத்துக்காக வெளியூர் மீனவக் குடும்பங்கள் வந்து கீற்றுக் குடிசை போட்டுத் தங்கியிருந்தன. பறவைகள் வரும் அதே மாதங்களில் மனிதரும் பிழைப்புத் தேடி வந்து, அதே மாதங்களில் திரும்பிப் போகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்களே, அதுபோல. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சத்தை 2004-ஆம் ஆண்டின் அலை சிதைத்துவிட்டது. கடலைப் பார்த்திராத பெண்கள் காலை நனைத்துக்கொண்டு குழந்தைகளாகிப் போனார்கள். மூதாட்டி வரவில்லை. வாகனத்தில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் வழிகாட்டியிடம், கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார். அடுத்த முறை பார்ப்போம் என்றார். எதைப் பார்ப்போம் என்று நாங்கள் கேட்கவில்லை.

பயணத்தில் கையிலிருக்கும் ஒரு நாளை இப்படிச் செலவிடலாமா என்று இனி எவரேனும் கேட்டால், எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்வோம். பருவம் அறிந்து செல்லுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை பறவைகள் மிகுதி, கோடையில் சதுப்பு வறண்டிருக்கும். வெயிலுக்கு முன் செல்லுங்கள். வழிகாட்டியின் கூலியில் பேரம் பேசாதீர்கள்; அந்த நிலம் உயிரோடு இருப்பதால் அவ்வூர்ப் பிள்ளைக்கு வாழ்வு கிடைக்கிறது என்றால்தான், அந்த நிலத்தைக் காக்க அவ்வூர் முன்வரும். ஏழைகளின் கூக்குரலையும் பூமியின் கூக்குரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் உணர்த்தியதன் பொருளும் இதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் தயங்குகிறார் என்று பாருங்கள். அவரை விட்டுவிட்டுச் செல்வது எளிது. அவருக்கு ஏற்றவாறு பயணத்தின் வரிசையை மாற்றிக்கொள்வது சிறிது கடினம். ஆனால் அப்படி மாற்றிக்கொண்ட பயணத்தில்தான் மற்றவர்களும் அதிகம் காண்கிறார்கள். கடலுக்கு நேரே சென்றிருந்தால், சதுப்பு நிலத்தில் அவ்வளவு நேரம் நின்றிருப்போமா என்பது ஐயமே.

ஊர் திரும்பிச் சில நாள் கழித்து, மறைக்கல்வி முடிந்த சிறுவர்கள் சிலர் ஓடிவந்து எங்களைக் கண்மாய்க்கு அழைத்தார்கள். சீமைக்கருவேல மரங்கள் பாதியை ஆக்கிரமித்து, கரையோரம் நெகிழிப் பைகள் குவிந்து கிடக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்தான். மீதமிருந்த நீரின் விளிம்பில் நத்தைகுத்தி நாரைகள் நான்கைந்தும், கருமையான அரிவாள் மூக்கன்களும், சேற்றில் ஓடிக் குத்தும் உள்ளான்களும் இருந்தன. இவை எப்போது வந்தன என்று ஒருவன் கேட்டான். அவை ஆண்டுதோறும் வந்துகொண்டிருப்பவை. நாம்தான் அவற்றை மொத்தமாகக் கொக்கு என்ற ஒரே பெயரில் அழைத்துவிட்டுக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். அடுத்த சனிக்கிழமையன்று கரையில் கிடந்த நெகிழிப் பைகளைப் பொறுக்க அந்தச் சிறுவர்களே சாக்குகளோடு வந்தார்கள். வேதியரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கூட நின்றார்.

திருத்தலம் என்பது போய்வரும் இடம் மட்டுமன்று. திரும்பி வந்தபின் சொந்த ஊரை வேறு கண்களால் பார்க்கப் பழக்கும் இடமும்கூட. ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, அடுத்த முறை உங்கள் பயணத்தில் ஒரு நாள் மிஞ்சினால் அதைக் கடைத்தெருவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஊரின் நீரையும் மண்ணையும் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் குழுவில் கடைசியாக நடப்பவரிடம் முதலில் கேளுங்கள். பிறகு புறப்படுங்கள். படைத்தவர் தமது கைவண்ணத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாரேனும் நின்று பார்க்கமாட்டார்களா என்று காத்திருக்கிறார்.